கண்ணை விட்டுவிட்டுச் சேலையைத் திருத்தினோம்

புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் ஒரு காலத்தில் சுவர் இருந்தது. சாதிக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், பறையர் கிறிஸ்தவர்கள் மறு பக்கம். 1745 அக்டோபரில் அந்தச் சுவர் விவகாரமானது. காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர் அதைத் தட்டிக் கேட்டார். ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மக்கள் பெரிய குருவிடம் போய், நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே என்று நியாயம் கேட்டார்கள். சுவர் அகற்றப்பட்டது. அன்று புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை இதைத் தம் நாட்குறிப்பில் எழுதிவிட்டு, கையோடு இன்னொரு சங்கதியையும் பதிகிறார். பிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷி கனகராய முதலியார் குடும்பத்துப் பெண் ஒருவர் மெல்லிய துணி உடுத்தி, நகை பூட்டி, வாசனை பூசிப் பூசைக்கு வந்தார். குரு அவரைச் சபை நடுவிலேயே நிறுத்தினார். நீ கல்யாணமானவளா, தாசியா, உன் புருஷனுக்கு வெட்கமில்லையா என்கிற தோரணையில் கேட்டார். உடம்பு தெரியும் துணியோடு இனிக் கோயிலுக்கு வரக் கூடாது என்ற கட்டளையும் பிறந்தது.

இந்த இரண்டு செய்திகளும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை வாசிக்கும்போது மனம் கனக்கிறது. சாதிச் சுவரை இடித்தது நற்செய்தியின் வேலை. அதைச் செய்த அதே கோயிலில், அதே நாட்களில், தூய்மை என்கிற பெரிய சொல் ஒரு பெண்ணின் சேலையில் போய் முடிந்தது. அன்று பூசையில் ஆண்களும் மண்டியிட்டிருந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு யாரும் கட்டளை போட்டதாக நாட்குறிப்பில் இல்லை.

சுவரைப் பற்றிய கட்டளை நிலைக்கவில்லை. கல்லறை, தேர், சவ ஊர்வலம் என்று அந்தச் சுவர் வேறு வேறு வடிவத்தில் திரும்பி வந்தது. இதே புதுவை – கடலூர் உயர்மறைமாவட்டத்தின் எறையூரில் 2008 மார்ச்சில் தலித் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். ஆனால் சேலையைப் பற்றிய கட்டளை மட்டும் 280 ஆண்டுகளாக அசையாமல் நிற்கிறது.

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் 2011 கணக்கெடுப்பின்படி கிறிஸ்தவர்கள் 6.29 விழுக்காடு. நகரத்துப் பெரிய கோயில்களை வெளியூரார் அறிவார்கள். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமத்துச் சபைகளை அவ்வளவாக அறியமாட்டார்கள். நெல்லும் கரும்பும் விளையும் ஏரிப்பாசன ஊர்கள். ஒரு தெருவில் மாதா கெபி, அடுத்த தெருவில் ஓட்டு வீட்டில் கூடும் பெந்தெகொஸ்தே சபை, இரண்டுக்கும் நடுவில் மாரியம்மன் கோயில். காலையில் கம்பெனி வேன் வந்து இளம்பெண்களைத் தொழிற்பேட்டைக்கு ஏற்றிப் போகிறது. பையன்கள் வண்டியில் புதுச்சேரிக்கோ கடலூருக்கோ போகிறார்கள். எல்லார் கையிலும் போன்.

இந்த ஊர்களில் தூய்மையைப் பற்றிய போதனை யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று கேட்டால், பதில் சுலபம். பெண்ணுக்கு. ஞான உபதேச வகுப்பில் துப்பட்டாவை ஒழுங்காகப் போடு என்பார்கள். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் அடுத்த வீட்டுப் பெண் யாரோடு பேசினாள் என்பார்கள். சில சபைகளில் நகையைக் கழற்று, பூவை எடு என்பார்கள். பையனிடம் அதிகம் போனால் சிகரெட்டைப் பற்றிப் பேசுவார்கள். வீட்டுக்குள் போனால் பழைய பழமொழி காத்திருக்கிறது: ஆண்பிள்ளை சேற்றைக் கண்டால் மிதிப்பான், தண்ணீரைக் கண்டால் கழுவிக்கொள்வான். கிறிஸ்தவ வீடுகளிலும் இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். வேதாகமத்துக்கு நேர் எதிரான வாக்கியம் இது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

பவுல் கண்டித்தது யாரை?

சம்பா கோயில் புனித பவுலின் பெயரால் எழுந்தது. அந்தப் பவுல் இந்தக் காரியத்தில் என்ன சொன்னார் என்று பார்ப்பது பொருத்தம்.

அவருடைய கடிதங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் கடிதம். கி.பி. 50 வாக்கில் எழுதியது. அதன் நான்காம் அதிகாரத்தில், நீங்கள் பரிசுத்தராவதே கடவுளின் விருப்பம் என்கிறார். உடனே அதை உடலுக்குக் கொண்டுவருகிறார். ஒவ்வொருவனும் தன் உடலை மதிப்போடு ஆளத் தெரிந்திருக்க வேண்டும், இந்தக் காரியத்தில் எவனும் சகோதரனுக்கு அநியாயம் செய்து ஏமாற்றக் கூடாது என்பது அவர் வாதம். இச்சையை அவர் ஒருவனுடைய தனிப்பட்ட பலவீனமாக மட்டும் பார்க்கவில்லை. அதில் இன்னொருவருக்கு அநியாயம் நடக்கிறது என்கிறார். பேச்சும் முக்கியமாக ஆண்களைப் பார்த்தே போகிறது.

இது அன்றைய உலகில் எவ்வளவு புதியது என்பதை நாம் மறந்துவிட்டோம். ரோமப் பேரரசில் மனைவி கற்போடு இருக்க வேண்டும். கணவன் தன் வீட்டு அடிமைப் பெண்ணிடம் போகலாம், விலைமாதர் விடுதிக்குப் போகலாம், சட்டமும் ஊரும் கேட்காது. விடுதியில் இருந்தவர்களில் பலர் தம் விருப்பத்தால் வந்தவர்கள் அல்லர், வாங்கி விற்கப்பட்ட அடிமைகள். கொரிந்து துறைமுக வாணிபத்தால் செழித்த ஊர். அங்கிருந்த விசுவாசிகளில் சிலர், சாப்பாடு வயிற்றுக்கு என்பதைப்போலத்தான் இதுவும் என்று நியாயம் பேசியிருக்க வேண்டும். பவுல் அதை ஏற்கவில்லை. உடல் ஆண்டவருக்குரியது, தூய ஆவி குடியிருக்கும் கோயில், விலை கொடுத்து மீட்கப்பட்டது என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் ஆறாம் அதிகாரத்தில் சொல்கிறார். அடுத்த அதிகாரத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். மனைவியின் உடல் மேல் கணவனுக்கு உரிமை உண்டு என்றால், கணவனின் உடல் மேல் மனைவிக்கும் அதே உரிமை உண்டு. அந்தக் காலத்தில் இதைக் கேட்ட ஆண்கள் திகைத்திருப்பார்கள். பாகூர்ப் பக்கத்தில் இன்று ஒரு திருமண மறையுரையில் இதைச் சொன்னால் இப்போதும் திகைப்பார்கள்.

இந்தப் போதனை சட்டத்தையும் பிற்பாடு தொட்டது. கி.பி. 428-இல் பேரரசன் இரண்டாம் தியோடோசியுஸ், மகளையோ அடிமையையோ பாலியல் தொழிலுக்குக் கட்டாயப்படுத்துகிறவர்களுக்கு அந்த அதிகாரம் கிடையாது என்று ஆணையிட்டான். பாதிக்கப்பட்டவர்கள் ஆயரிடமோ அதிகாரியிடமோ போய் முறையிடலாம் என்றும் வழி செய்தான். தூய்மை என்ற போதனை சரியான ஆளின் மேல் விழுந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சாட்சி.

இயேசுவின் மலைப்பொழிவில் இன்னும் கூர்மையாக இருக்கிறது. இச்சையோடு பெண்ணைப் பார்ப்பவன் உள்ளத்தில் ஏற்கெனவே விபசாரம் செய்துவிட்டான் என்கிறார். பிறகு அவர் சொல்லும் மருந்து என்ன? அந்தப் பெண் முக்காடு போடட்டும் என்றா? உன் கண் உன்னை இடறச் செய்தால் அதைப் பிடுங்கிப் போடு என்கிறார். உன் கண். நாம் அந்த வாக்கியத்தை ஆயிரம் முறை வாசித்துவிட்டு அவளுடைய துணியை இழுத்துச் சரிசெய்து கொண்டிருக்கிறோம்.

பழைய ஏற்பாட்டில் ஒரு கதையை எந்த ஞான உபதேச வகுப்பிலும் முழுதாகச் சொல்லிக் கேட்டதில்லை. தொடக்க நூல் 38-ஆம் அதிகாரம். விதவையாகிப் பிறந்த வீட்டில் இருக்கும் தாமார் கருவுற்றாள் என்று கேள்விப்பட்டதும், மாமனார் யூதா ஒரு கணமும் யோசிக்கவில்லை. வெளியே கொண்டுவந்து எரியுங்கள் என்கிறான். ஊர்ப் பஞ்சாயத்து இங்கே எப்படிப் பேசும் என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் குரல் பழக்கமானதாக இருக்கும். இழுத்துவரும்போது அவள் மூன்று பொருட்களை அனுப்பி வைக்கிறாள்: முத்திரை, கயிறு, கைத்தடி. இவை யாருடையவையோ அவனாலேயே கருவுற்றேன் என்கிறாள். மூன்றும் யூதாவினுடையவை. யூதா எல்லார் முன்னிலையிலும், தன்னைவிட அவளே நேர்மையுள்ளவள் என்று ஒப்புக்கொள்கிறான். மத்தேயு நற்செய்தியின் முதல் பக்கத்தில், இயேசுவின் மூதாதையர் வரிசையில் அந்தத் தாமாரின் பெயர் இருக்கிறது. எரிக்கச் சொன்ன குடும்பத்தின் மானம் அந்தப் பெண்ணால்தான் வரலாற்றில் நின்றது.

தாவீது அரசர், குளித்துக்கொண்டிருந்த பிறன் மனைவி பத்சேபாவை மாடியிலிருந்து பார்த்து, அழைத்துவரச் செய்தார். நாத்தான் இறைவாக்கினர் வந்து அரண்மனையில் விரல் நீட்டியது தாவீதை நோக்கி. ஏன் குளித்தாய் என்று பத்சேபாவை அவர் கேட்கவில்லை. அதே தாவீதின் வீட்டில் மூத்த மகன் அம்னோன் தன் மாற்றாந்தாய் மகளான தங்கை, இன்னொரு தாமாரைக் கெடுத்தபோது, தாவீதுக்குக் கோபம் வந்தது, அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை. அண்ணன் அப்சலோம் அவளிடம், பேசாமல் இரு, அவன் உன் சகோதரன் என்றான். அவள் அண்ணன் வீட்டிலேயே பாழாய்க் கிடந்தாள் என்று சாமுவேல் நூல் எழுதி முடிக்கிறது. நம் ஊர்களில் மாமன் மகனோ சித்தப்பனோ செய்த கொடுமையைக் குடும்பம் மூடி மறைக்கும் ஒவ்வொரு முறையும் அப்சலோமின் அந்தப் பேச்சுதான் திரும்பக் கேட்கிறது.

வில்லியனூர்ச் சிறுமி

வில்லியனூர் லூர்து மாதா திருத்தலத்தை இந்தப் பகுதியில் சாதி மதம் பாராமல் எல்லாரும் அறிவார்கள். ஆசியாவிலேயே லூர்து மாதாவுக்கு எழுந்த முதல் கோயில் என்று பெருமையோடு சொல்வார்கள். பிரான்சிலிருந்து சுரூபம் வந்தது 1877-இல். கோயிலுக்கு முன்னால் பெரிய குளம். ஈஸ்டருக்குப் பின் வரும் திருவிழாவில் சுற்றுவட்டார ஊர்கள் எல்லாம் அங்கேதான்.

அமல உற்பவி என்று மாதாவை வணங்கும் அந்த இடத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று பக்தர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். 1858-இல் லூர்து ஊரின் பழைய சிறை அறை ஒன்றில் குடித்தனம் நடத்திய நொடித்துப்போன மாவரைப்பவரின் மகள், பதினான்கு வயது பெர்னதெத். எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆஸ்துமாக்காரி. மாதாவைக் கண்டதாக அவள் சொன்னதைப் போலீஸ் அதிகாரி நம்பவில்லை, மிரட்டினார். பங்குத்தந்தையும் முதலில் நம்பவில்லை. ஆயர் விசாரணைக் குழு அமைத்துத் தீர விசாரித்து 1862-இல் அவள் சொன்னதை ஏற்றார். வில்லியனூருக்குச் சுரூபம் வந்தபோது பெர்னதெத் உயிரோடு இருந்தார், 1879-இல்தான் இறந்தார். ஓர் ஏழைச் சிறுமியின் வாய்ச்சொல்லைத் திருச்சபை கடைசியில் நம்பியதால் எழுந்த கோயில் அது. அந்தக் குளத்தைச் சுற்றி நடக்கும் எத்தனை குடும்பங்கள், தம் வீட்டுச் சிறுமி வந்து ஒரு கொடுமையைச் சொன்னால் நம்பும்?

தமிழ் மண்ணில் இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்களில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் ஒருவர். தேவதாசியாக்கக் கோயிலுக்கு விடப்பட்ட ஒரு சிறுமி 1901-இல் தப்பி அவரிடம் வந்தாள். அனுப்பிவிடலாம் என்று அவர் நினைக்கவில்லை. டோனாவூரில் அந்தக் குழந்தையோடு தொடங்கிய வீட்டில் பின்னர் நூற்றுக்கணக்கான குழந்தைகள் வளர்ந்தார்கள். 1951-இல் அங்கேயே இறந்தார். பரிசுத்தம் என்று அவர் மேடையில் முழங்கிக்கொண்டிருக்கவில்லை, குழந்தைகளைக் காப்பாற்றினார்.

மானமும் மணமும்

கிராமத்தில் கற்பு என்று சொல்லப்படுவதில் பாதி சாதி. பெண் வேறு சாதிப் பையனைக் காதலித்தால் ஒழுக்கம் கெட்டுவிட்டாள் என்கிறார்கள். அதே பெண்ணைக் குடிகாரன் ஒருவனுக்கு, அவள் அழ அழ, சொந்தச் சாதிக்குள் கட்டிவைத்தால் மங்கலம் என்கிறார்கள். 2003-இல் விருத்தாசலம் அருகே கண்ணகி – முருகேசன் தம்பதியைப் பெண்ணின் குடும்பத்தாரே விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள் அவர்கள். 2021 செப்டம்பரில்தான் கடலூர் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. அந்த ஊருக்கும் பாகூருக்கும் இடையே பெரிய தூரமில்லை. அந்தக் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம் இல்லைதான். ஆனால் அந்தக் கோபம் நம் தெருக்களிலும் இருக்கிறது.

திருச்சபைச் சட்டமோ இதில் தெளிவாக இருக்கிறது. மணத்தை உண்டாக்குவது மணமக்களின் சம்மதம். அச்சத்தாலோ பலவந்தத்தாலோ வாங்கிய சம்மதத்தில் திருமணமே இல்லை. கோயிலில் மூன்று முறை ஓலை என்னும் திருமண அறிவிப்பை வாசிப்பதும், குருவானவர் இருவரையும் தனித்தனியே உட்காரவைத்து விசாரிப்பதும் இதற்காகத்தான். அந்த விசாரணையைப் பல இடங்களில் படிவம் நிரப்பும் வேலையாக்கிவிட்டோம். பெண்ணோடு அப்பாவும் பெரியப்பாவும் உட்கார்ந்திருந்தால் அவள் எப்படி வாய் திறப்பாள்?

மணத்துக்கு முன் உறவு கூடாது, மணத்துக்குப் பின் துரோகம் கூடாது என்பது வேதாகமத்தின் நிலை. அதை நான் குறைக்கச் சொல்லவில்லை. இளையோருக்கு அதைத் துணிந்து, காரணத்தோடு சொல்ல வேண்டும். உடலை முழுதாகக் கொடுப்பவர் வாழ்க்கையையும் முழுதாகக் கொடுத்திருக்க வேண்டும் என்பதே அந்தக் காரணம். ஆனால் தாலி கட்டியதும் தூய்மைப் பாடம் முடிந்துவிட்டதாக ஆண்கள் நினைத்துக்கொள்கிறார்கள். போப் இரண்டாம் யோவான் பவுல் 1979 முதல் 1984 வரை புதன்கிழமைகளில் உடலின் இறையியலைப் பற்றித் தொடர்ந்து பேசினார். 1980 அக்டோபரில், ஒருவன் தன் சொந்த மனைவியைக்கூட வெறும் இச்சைப் பொருளாகப் பார்த்தால் உள்ளத்தில் விபசாரம் செய்தவன் ஆவான் என்றார். உலகப் பத்திரிகைகள் கேலி செய்தன. சாராயக்கடையிலிருந்து இரவு பத்து மணிக்குத் தள்ளாடி வரும் கணவனோடு படுக்க வேண்டிய ஒரு பெண்ணிடம் அதைச் சொல்லியிருந்தால் அவள் கேலி செய்திருக்கமாட்டாள். இந்தியச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பிய மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்துவதை இன்றும் பாலியல் வன்கொடுமையாகக் கருதவில்லை. 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்த விதிவிலக்கு அப்படியே இருக்கிறது. போப் பிரான்சிஸ் 2016-இல் எழுதிய அன்பின் மகிழ்ச்சி மடலோ, துணையின் நிலையையும் விருப்பத்தையும் பாராமல் திணிக்கப்படும் உறவு அன்பின் செயலே அல்ல என்று ஆறாம் பவுலின் போதனையை நினைவூட்டுகிறது. இந்த ஒரு விஷயத்தில் நாட்டின் சட்டத்தைவிடத் திருச்சபையின் போதனை கண்டிப்பானது. அதைச் சொல்லும் மறையுரைதான் இல்லை.

பிறகு, போன். மலிவு விலையில் இணையம் வந்த 2016-க்குப் பிறகு ஆபாசப் படம் எட்டாம் வகுப்புப் பையனின் சட்டைப் பையில் இருக்கிறது. 2018-இல் அரசு 827 தளங்களை முடக்கச் சொன்னது, ஆனால் பார்க்கிறவர்கள் வேறு வழி கண்டுகொண்டார்கள். குழந்தைகளை வைத்து எடுக்கப்பட்ட படங்களைத் தனியே பார்ப்பது குற்றமில்லை என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, வைத்திருப்பதும் பார்ப்பதும் போக்சோ சட்டப்படி குற்றமாகும் என்று திருத்தியது. சட்டம் அங்கே வரைதான் வரும். திரையில் தெரியும் அந்த உருவமும் ஒருத்தியின் மகள், அவளுக்கும் கொரிந்தின் அடிமைப் பெண்ணுக்கும் வித்தியாசம் அதிகமில்லை என்று பையனுக்குச் சொல்ல வேண்டியவர்கள் தகப்பனும் உபதேசியாரும்தான். வெட்கப்பட்டுக்கொண்டு இருவரும் சொல்வதில்லை.

விழுந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொரிந்தியருக்குப் பவுல் பாவங்களின் நீண்ட பட்டியல் ஒன்றைப் போட்டுவிட்டு, உங்களில் சிலர் இப்படித்தான் இருந்தீர்கள், கழுவப்பட்டீர்கள் என்கிறார். விபசாரத்தில் பிடிபட்டவள் என்று ஒரு பெண்ணை இயேசுவிடம் இழுத்து வந்தவர்கள், மோசேயின் சட்டப்படி அவளோடு கொண்டுவந்திருக்க வேண்டிய ஆணைக் கொண்டுவரவில்லை. இயேசு அவளைத் தீர்ப்பிடவில்லை, இனிப் பாவம் செய்யாதே என்று அனுப்பினார். ஓடிப்போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, இப்போது கோயில் வாசலில் தயங்கி நிற்கும் பிள்ளைகள் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். திருமணத்தை முறைப்படுத்திக்கொள்ளத் திருச்சபையில் வழி இருக்கிறது. அவர்கள் வீட்டுக்குப் பங்குத்தந்தை முதலில் போக வேண்டும்.

திருச்சபையின் சொந்த வீட்டுக் கணக்கும் பாக்கி இருக்கிறது. ஊட்டி மறைமாவட்டத்தைச் சேர்ந்த குரு ஒருவர், அமெரிக்காவின் மினசோட்டாவில் பதின்வயதுப் பெண்ணிடம் செய்த பாலியல் குற்றத்தை 2015-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டே இங்கே அவருடைய இடைநீக்கம் விலக்கப்பட்டது. இப்படி ஒரு செய்தி போதும், பத்து ஆண்டு மறையுரையைக் குப்பையாக்க. கத்தோலிக்கரோ பெந்தெகொஸ்தே போதகரோ, மேடையில் நிற்பவர் மேல் புகார் வந்தால் சபையின் பெயர் கெடும் என்று அமுக்குவது அப்சலோம் சொன்னதைத் திரும்பச் சொல்வதாகும். போப் பிரான்சிஸ் 2019-இல் வெளியிட்ட ஆணை, இப்படிப்பட்ட குற்றத்தை அறிந்த குருக்களும் துறவியரும் திருச்சபை அதிகாரிக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. 2012 போக்சோ சட்டமோ குருக்களுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் எனக்கும் பொருந்தும். ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமை தெரிந்தும் போலீஸுக்குச் சொல்லாமல் இருப்பதே தண்டனைக்குரிய குற்றம்.

ஆகவே வில்லியனூர், பாகூர் பங்குகளின் குருக்களுக்கும் சபைப் போதகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வருகிற தவக்காலத்தில் தூய்மையைப் பற்றித் தியானம் வைத்தால், முதல் நாளை ஆண்களுக்கும் பையன்களுக்கும் ஒதுக்குங்கள். யூதாவின் கதையை முழுதாக வாசியுங்கள். திருமண விசாரணையின்போது பெண்ணைத் தனியே உட்காரவைத்துப் பேசுங்கள், அப்பாவை வெளியே நிற்கச் சொல்லுங்கள். தகப்பன்மாரே, உங்கள் மகனிடம் அவன் போனைப் பற்றி இந்த வாரமே பேசுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ ஒவ்வொரு கோயில் அறிவிப்புப் பலகையிலும், பூசை நேரத்துக்குப் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.